வாயைக் கழுவு!



முதலாண்டில் கணக்குப் பரீட்சைக்குக் கிளம்பிய காலை. சைக்கிளை எடுத்தவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "ஆயா, இந்தப் பேப்பர் போச்சுன்னா அவ்வளவுதான்" என்றேன். திண்ணையில் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த ஆயா, "ச்சீ, வாயைக் கழுவுடா! கிளம்புற நேரத்துல என்ன பேச்சு இது? பாஸ் பண்ணிட்டு வரேன்னு சொல்லு" என்று அதட்டினாள். நானும் அப்படியே சொல்லிவிட்டுத்தான் போனேன். பேப்பர் ஊற்றிக்கொண்டது வேறு விஷயம்!

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நம் கல்லூரியில் யாராவது "நான் தோற்றுவிட்டேன்" என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? மாட்டோம். "ரெண்டு பேப்பர் நிக்குது" என்போம். "அரியர் இருக்கு" என்போம். அரியர் என்றால் என்ன? நிலுவை, பாக்கி என்று அர்த்தம். அதாவது மளிகைக் கடை பாக்கி மாதிரி, என்றைக்காவது கட்டிவிடப் போகிறோமாம்! ஆயாவுக்குக் கொஞ்சமும் குறைந்தவர்கள் இல்லை நாம்.

கெட்டதை வாயால் சொன்னால் அது வந்துவிடும், ஆகவே அதை வேறு மாதிரி சொல்ல வேண்டும் என்கிற இந்தப் பழக்கத்தைப் பற்றித்தான் இக்கட்டுரை. படிக்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் வேடிக்கை மட்டும் இல்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் வீட்டு அகராதி

எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்தில் இருக்கிறது. வீட்டுக்குள் குழித்தறி. அப்பா பட்டுச் சேலை நெய்பவர். அந்த வீட்டில் நான் கற்றுக்கொண்ட அகராதியில் இருந்து சில சொற்கள்:

விளக்கை "அணை" என்று சொல்லக் கூடாது. "குளிர வை" அல்லது "அமர்த்து" என்று சொல்ல வேண்டும். சாமி விளக்கு தானாக அணைந்தால் "மலையேறிடுச்சு".

அரிசிப் பானை காலியானால் "அரிசி இல்லை" என்று சொல்லக் கூடாது. "அரிசி நிறைஞ்சிருக்கு, வாங்கணும்." சின்ன வயதில் எனக்கு இது பெரிய குழப்பம். நிறைந்திருந்தால் எதற்கு வாங்க வேண்டும்?

தாலிச் சரடு அறுந்தால் "பெருகிடுச்சு". 'அறுந்தது' என்ற வார்த்தை வாயிலேயே வரக் கூடாது.

வெளியே கிளம்புகிறவரை "எங்க போறே?" என்று கேட்கக் கூடாது. "தூரமா?" என்று கேட்க வேண்டும். கிளம்புகிறவரும் "போறேன்" என்று சொல்லக் கூடாது. "போயிட்டு வரேன்."

வாசலில் பிச்சைக்காரர் வந்து, கொடுக்க ஒன்றும் இல்லாவிட்டால் "இல்லை" என்று சொல்லக் கூடாது. "போயிட்டு வாப்பா."

குழந்தை தும்மினால் "நூறு!" அதாவது நூறு வயது இருக்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது, அம்மா என்னைத் திட்டும் திட்டு. கோபம் தலைக்கேறி "நாசமா..." என்று ஆரம்பித்திருப்பாள். பெற்ற வாய் அல்லவா? பாதியிலேயே திருப்பி "நாசமத்துப் போ!" என்று முடிப்பாள். நாசம் அற்றுப் போ என்று அர்த்தம். திட்டும் ஆச்சு, ஆசீர்வாதமும் ஆச்சு!

அப்பாவுக்கென்று ஒரு சொல் உண்டு. கையில் இருந்த சேலை அறுத்துக் கொடுத்தாகிவிட்டது, அடுத்த பாவு கிடைக்கவில்லை, தறி வெறுமனே நிற்கிறது. அப்போது யாராவது வந்து "தறி ஓடுதா?" என்று கேட்டால், "நின்னு போச்சு" என்று அப்பா சொல்லி நான் கேட்டதே இல்லை. "பாவு வரணும்" என்பார். அவ்வளவுதான். ஒரு தீபாவளிக்கு முன்னால் ஆறு வாரம் "பாவு வரணும்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஆறு வாரமும் வீட்டில் அரிசி "நிறைந்து" இருந்தது. நிலைமை எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் வீடு நின்றது என்று இப்போது தோன்றுகிறது.

இலக்கணத்திலேயே இடம் உண்டு!

இதெல்லாம் படிக்காத கிழவிகளின் மூடப்பழக்கம் என்று நினைக்காதீர்கள். பத்தாம் வகுப்போடு தமிழுக்கு டாட்டா காட்டிவிட்டு வந்தவர்கள் நாம். இருந்தாலும் "தகுதி வழக்கு" என்று ஒன்று படித்தது நினைவிருக்கலாம். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் அதை மூன்றாகப் பிரிக்கிறது.

ஒன்று, இடக்கரடக்கல். சபையில் சொல்லக் கூசுகிறதை மறைத்துச் சொல்வது. "ஒன்றுக்குப் போய் வருகிறேன்", "கால் கழுவி வந்தான்" போன்றவை.

இரண்டு, மங்கலம். அமங்கலமானதை மங்கலமாக மாற்றிச் சொல்வது. செத்தார் என்பதைத் துஞ்சினார் என்பது, சுடுகாட்டை நன்காடு என்பது, கறுப்பு ஆட்டை வெள்ளாடு என்பது.

மூன்று, குழூஉக்குறி. ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் புரிய வைத்துக்கொள்ளும் சொல். பொற்கொல்லர்கள் பொன்னைப் 'பறி' என்பது பழைய உதாரணம். (நாம் 'கட்' அடிப்பது புதிய உதாரணம்!)

ஆயா பேசியது முழுக்க இரண்டாம் வகை. அவள் நன்னூல் படித்ததில்லை. நன்னூல்தான் அவள் மாதிரி ஆட்களின் பேச்சைக் கேட்டு எழுதப்பட்டிருக்க வேண்டும்.

மங்கல வழக்கில் அதிகமான சொற்கள் சாவுக்குத்தான். நம் ஊர்ச் சுவரொட்டிகளையே பாருங்கள். பெரிய காஞ்சிபுரத்தில் "சிவலோக பதவி" அடைகிறார்கள். சின்ன காஞ்சிபுரத்தில் "வைகுண்ட பதவி". கிறிஸ்தவர் "கர்த்தருக்குள் நித்திரை" அடைகிறார். முஸ்லிம் நண்பர் வீட்டில் "மவுத்" ஆகிவிட்டார் என்பார்கள். கடவுள் இல்லை என்பவர்கூட "இயற்கை எய்தினார்". வெறுமனே செத்துப் போகிறவர் யாருமே இல்லை! உயிர் போனால் பணம் தருகிற திட்டத்துக்கு நாம் வைத்திருக்கும் பெயர் 'ஆயுள்' காப்பீடு. அதை விற்க வருகிறவரும், "அப்படி எதுவும் ஆகாது சார், ஒரு பேச்சுக்குச் சொல்றேன்" என்று ஆரம்பித்துத்தான் விஷயத்துக்கு வருவார்.

கெட்டதைத் தள்ளிவைப்பதில் நம் ஊருக்குத் தனிப் பெருமையும் உண்டு. சின்ன காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லி, வெள்ளிப் பல்லி இருப்பது உங்களுக்குத் தெரியும். கௌதம முனிவரின் சீடர்கள் இருவர் கொண்டுவந்த பூஜைத் தண்ணீரில் பல்லி கிடந்ததாம். அவர் சாபத்தால் அவர்களே பல்லி ஆனார்களாம். அந்தப் பல்லிகளைத் தொட்டால், மேலே பல்லி விழுந்த தோஷம் போகும் என்பது நம்பிக்கை. தொட்டு வந்தவரைத் தொட்டாலும் போதுமாம். ஹாஸ்டலில் தலையில் பல்லி விழுந்த தோழன் ஒருவன், கோயில் வரைக்கும் போகச் சோம்பல்பட்டு என்னைத் தொட்டுவிட்டுப் போனான். நான் கடைசியாகப் பல்லியைத் தொட்டது ஐந்தாம் வகுப்பில்! அந்தப் புண்ணியம் இன்னும் பாக்கி இருந்ததா என்று தெரியாது. ஆனால் அவன் முகம் தெளிந்துவிட்டது.

ஊருக்கு ஊர் ஆயா

இது தமிழனுக்கு மட்டும் உள்ள வியாதியா? இல்லவே இல்லை.

என் மாமா மகன் சிங்கப்பூரில் ஒரு பட்டறையில் வேலை பார்க்கிறான். அவனுக்கு மேலே உள்ள சூப்பர்வைசர் காண்டனீஸ் பேசும் சீனர். காண்டனீஸ் என்பது ஹாங்காங்கிலும் அதை ஒட்டிய தென்சீனப் பகுதியிலும் பேசும் சீன மொழி. ஒருநாள் இவன், "இந்தச் சங்கிலி அறுந்தா யார் தலையில விழுமோ" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டான். உடனே அவர் "சோய்!" என்று கத்தினாராம். "சோய்" என்றால் நம்ம "ச்சீ, வாயைக் கழுவு"தான்! இன்னும் நீட்டிச் சொல்வதென்றால் "தாய் காட் லெய் ஸீ" என்பார்கள். பெரிய அதிர்ஷ்டமும் லாபமும் உண்டாகட்டும் என்கிற மாதிரியான ஒரு வாழ்த்து. கெட்ட பேச்சு விழுந்த இடத்தில் நல்ல பேச்சைத் தூவுவது. "எச்சிலைத் துப்பிவிட்டு மறுபடி சொல்லு" என்று அதட்டுவதும் உண்டாம். கேட்டதும் எனக்கு ஆயா ஞாபகம்தான் வந்தது.

அவர்களுடைய முறையில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. நாம் அர்த்தத்தைத் திருப்பிப் போடுகிறோம். அவர்களோ ஓசையைப் பார்த்தே பயப்படுகிறார்கள். காண்டனீஸில் 'காலி' என்ற சொல்லும் 'கேடு' என்ற சொல்லும் ஒரே மாதிரி ஒலிக்கும். ஆகவே காலி வீட்டை வாடகைக்கு விடும்போது 'காலி வீடு' என்று எழுத மாட்டார்கள், 'அதிர்ஷ்ட வீடு' என்று எழுதுவார்கள். புத்தகம் என்பதும் தோல்வி என்பதும் ஒரே ஓசை. அதனால் 'எல்லாம் சொல்லும் புத்தகம்' என்ற பொருளுள்ள பஞ்சாங்கத்தின் பெயரை 'எல்லாம் வெற்றி' என்று மாற்றிவிட்டார்கள். ஈரல் என்ற சொல் 'வறட்சி' போல ஒலிக்கிறது. சீனப் பேச்சில் தண்ணீர் என்றால் பணம். வறண்டுவிட்டால் என்ன ஆவது? ஈரலுக்கே 'ஈரம்' என்று பொருள்படும் வேறு பெயர் வைத்துவிட்டார்கள். நான்கு என்ற எண் 'சாவு' மாதிரி கேட்பதால், பல கட்டடங்களில் மூன்றாம் மாடிக்கு அடுத்தது ஐந்தாம் மாடி! லிப்டில் 4 என்ற பொத்தானே இருக்காது.

இன்னும் பாருங்கள். ஆங்கிலேயர் ஏதாவது நல்லது சொன்னால் கையோடு மரத்தைத் தொடுகிறார். வங்காளி விடைபெறும்போது "போகிறேன்" என்று சொல்வதில்லை, "வருகிறேன்" என்ற பொருளில் "ஆஷி" என்கிறார். தெலுங்கர், கன்னடர், மலையாளி எல்லாருக்கும் நம்மைப் போலவே போய் 'வருவது'தான். ரஷ்ய மொழியில் கரடிக்குப் பெயர் 'தேன் தின்னி'. பழைய பெயரைச் சொன்னால் கரடி வந்துவிடும் என்று பயந்து, பழைய பெயரே மறந்து போயிற்று என்கிறார்கள் மொழி அறிஞர்கள். ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் உள்ள ஒரு முனைக்குப் போர்ச்சுகீசியர் முதலில் வைத்த பெயர் 'புயல் முனை'. 1488இல் பார்த்தலோமியோ டயஸ் அதைச் சுற்றி வந்த பிறகு, அந்த நாட்டு மன்னர் 'நன்னம்பிக்கை முனை' என்று மாற்றினாராம். பெயர் மாறியது. புயல் மாறவில்லை!

இந்தக் கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா வந்தாள், அம்மா போனாள்

ஏன் இப்படிப் பேசுகிறோம்? "வானத்துல தேவதைங்க போயிட்டே இருப்பாங்க, நாம சொல்றதுக்கெல்லாம் 'அப்படியே ஆகட்டும்'னு சொல்லிடுவாங்க" என்பது ஆயாவின் விளக்கம். எனக்குத் தோன்றுவது இது. கையில் ஒரு வழியும் இல்லாதபோது மனிதனுக்கு மிச்சம் இருப்பது வாய் மட்டும்தான். அதையாவது சுத்தமாக வைத்துக்கொள்வோம் என்று நினைக்கிறான்.

இதற்குப் பெரியம்மையை விட நல்ல உதாரணம் கிடையாது. அந்த நோயின் பெயரே 'அம்மா'. கொப்புளத்துக்கு 'முத்து' என்று பெயர். நோய் வந்தால் "அம்மா வந்திருக்கா". குணமானால் "இறங்கிட்டா". வாசலில் வேப்பிலை, வீட்டுக்குள் வெளியார் வரக் கூடாது, நோயாளி மனம் நோகப் பேசக் கூடாது. இந்தப் பேச்சில் ஒரு நன்மை இருந்தது. நோயாளியை யாரும் அருவருக்கவில்லை, சாமி வந்த உடம்பாகப் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் பெரியம்மை எதனால் ஒழிந்தது? மரியாதையால் அல்ல, தடுப்பூசியால். நம் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் அந்தத் தடுப்பு மருந்து தயாரானது. ஊர் ஊராக, தெருத் தெருவாக, "இங்கே யாருக்காவது பெரியம்மை இருக்கிறதா?" என்று படத்தைக் காட்டி நேரடியாகக் கேட்டுத் திரிந்தார்கள் சுகாதார ஊழியர்கள். இந்தியாவில் 1975உடன் அது முடிந்தது. 1980 மே மாதம் உலகத்தை விட்டே ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அம்மா என்று சொல்லி ஆறுதல் அடைந்தோம். பெரியம்மை என்று கேட்டுத்தான் விரட்டினோம்.

நான் சொன்ன ஒரு வார்த்தை

இனிமேல் எழுதப்போவதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன்.

ஆயா வெற்றிலையோடு புகையிலையும் போடுவாள். நாற்பது வருஷப் பழக்கம். நான் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது ஒரு நாள், "வாயில உள்பக்கம் புண்ணு ஒண்ணு ரெண்டு மாசமா ஆறவே மாட்டேங்குதுடா. காரமே படல. எதிர் வீட்டு மாமாவுக்கு வந்த மாதிரி இருக்குமோ?" என்றாள். எதிர் வீட்டு மாமாவுக்கு வந்தது என்ன என்று தெருவுக்கே தெரியும். யாரும் பெயர் சொல்ல மாட்டார்கள். "காரைப்பேட்டைக்குப் போறார்" என்பார்கள். காரைப்பேட்டையில் என்ன ஆஸ்பத்திரி இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எனக்குப் பகீர் என்றது. பயத்தில் என்ன சொன்னேன் தெரியுமா? "வாயைக் கழுவு ஆயா! அப்படியெல்லாம் பேசாதே."

அவள் கற்றுக்கொடுத்த வார்த்தைதான். ஆயா பேசாமல் இருந்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தாள். அம்மா "சூட்டுப் புண்ணு" என்றாள். அப்பா "சரியாயிடும்" என்றார். வாயைச் சரியாகத் திறக்க முடியாமல் போனபோதுதான் டாக்டரிடம் போனோம். அதற்குள் ஏழு மாதம் ஓடிவிட்டது. கழுத்தில் கட்டி வந்திருந்தது. "கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாமே" என்றார் டாக்டர். சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு மட்டும் அது வேறு மாதிரி கேட்டது.

போன ஐப்பசியில் ஆயா தவறிவிட்டாள். பார்த்தீர்களா, என்னாலும் வேறு சொல் எழுத முடியவில்லை.

நம் ஊர் மண்ணில் பிறந்த அறிஞர் அண்ணா, 1969 பிப்ரவரி 3ஆம் நாள் மறைந்தது புற்றுநோயால். காரைப்பேட்டை ஆஸ்பத்திரிக்கு அவர் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். நோயின் பெயரை எழுதி, அதன்கூட ஊரின் செல்லப் பிள்ளை பெயரையும் சேர்த்துப் பெரிய எழுத்தில் பலகை வைத்திருக்கிறார்கள். நாம்தான் அதைப் பார்த்துக்கொண்டே "காரைப்பேட்டை" என்று முணுமுணுத்துவிட்டுப் போகிறோம்.

ஆகவே நண்பர்களே, சொல்கிறேன். வாயில் வந்த புண் மூன்று வாரத்துக்கு மேல் ஆறாமல் இருந்தால், வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு தெரிந்தால், வாய் திறப்பது குறைந்துகொண்டே வந்தால், டாக்டரிடம் காட்ட வேண்டும். உள்ளே எக்ஸ்ரே எடுத்துத் தேட வேண்டிய இடம் இல்லை அது. ஒரு டார்ச்சும் கண்ணாடியும் இருந்தால் முதல் சந்தேகம் தெரிந்துவிடும். ஆரம்பத்தில் பிடித்தால் குணமாக்கும் வாய்ப்பு மிக அதிகம். நம் வகுப்பிலேயே கடைவாயில் பாக்கு பாக்கெட்டை ஒதுக்கிக்கொண்டு லேபுக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். யார் என்று எழுதவில்லை. அவர்களுக்கே தெரியும். அவர்களிடம் நான் மங்கலமாகப் பேசப் போவதில்லை.

எதைச் சொல்வது, எதை விடுவது?

அப்படியானால் இந்தப் பழக்கமே வேண்டாமா? அப்படியும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்பாவின் "பாவு வரணும்" இல்லாமல் அந்த ஆறு வாரத்தைக் கடந்திருக்க முடியாது. தாலி 'பெருகிய' பெண்ணுக்குப் பட்டென்று உண்மை சொல்லி யாருக்கு என்ன லாபம்? வேறு சரடு மாற்றப் போகிறாள், அவ்வளவுதான்.

எனக்குப் புரிந்த கணக்கு இதுதான். நம்மால் ஒன்றும் செய்ய முடியாத விஷயமா? அங்கே நல்ல வார்த்தை சொல்லலாம். அது மரியாதை, அது ஆறுதல். ஆனால் செய்வதற்கு ஏதாவது இருக்கிறதா? அங்கே பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பட்டறைக்குப் போகப் போகிறோம். "இந்த பெல்ட் இன்னிக்கு அறுந்துடும் போலிருக்கு" என்று ஒருவன் சொன்னால், "வாயைக் கழுவுடா" என்று சொல்லாதீர்கள். மெஷினை நிறுத்திவிட்டு பெல்ட்டைப் பாருங்கள். கிரைண்டிங் வீலில் விரிசல் தெரிந்தால் விரிசல் என்றே சொல்லுங்கள். நாம் படித்த 'ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி' என்பதே என்ன? உடையும் என்று முதலில் ஒப்புக்கொண்டு, அதற்கு மேல் போடுகிற கணக்கு அல்லவா? உடையும் என்ற வார்த்தையையே சொல்லக் கூடாது என்றால் ஒரு பாலம் கட்ட முடியுமா? வீட்டில் வயதானவர்கள் "இது அதுவா இருக்குமோ?" என்று பயந்துகொண்டே கேட்டால் வாயை அடைக்காதீர்கள். "வா ஆயா, போய்க் காட்டிட்டு வந்துடலாம்" என்று சொல்லுங்கள். நான் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம் அது.

இது எங்கள் இறுதியாண்டு. அடுத்த மலர் வரும்போது நாங்கள் ஒரகடத்திலோ, ஸ்ரீபெரும்புதூரிலோ, ஓசூரிலோ ஷிப்டில் இருப்போம். (சிலர் நிற்கும் பேப்பரோடு வீட்டில் இருப்போம்!) பிரிவைத் தடுக்க நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே இந்த ஒரு இடத்தில் ஆயா சொன்னபடியே நடக்கிறேன்.

போயிட்டு வரேன்.